தோட்டத்துப் பூச்சி: நண்பனா? பகைவனா?



முற்றத்தில் நாலு தக்காளிக் கன்று, வேலியோரம் ஒரு பயற்றங்கொடி, கிணற்றடியில் இரண்டு வெண்டி என்று நட்டு வளர்க்கும் தாய்மார் இன்று நம் ஊர்களில் பெருகியிருக்கின்றனர். 2022 ஆம் ஆண்டு நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடி இதற்கு ஒரு பெரிய காரணம். வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு அன்று நிலைமை போயிருந்தது. நெருக்கடி தணிந்த பின்பும் தோட்டத்தைக் கைவிடாத வீடுகள் பல. சொந்த முற்றத்தில் பறித்த வெண்டிக்காயின் ருசியை அறிந்தவர்கள் அதை எளிதில் விடமாட்டார்கள்.

ஆனால் தோட்டம் வைத்த எல்லோருக்கும் ஒரு நாள் ஒரு கேள்வி வந்தே தீரும். "உம்மா, தக்காளியில ஒரு பூச்சி இருக்கு!" என்று பிள்ளை ஓடி வந்து சொல்லும். பார்த்தால் கேடயம் போன்ற உடம்பும் நீண்ட கால்களும் கொண்ட ஏதோ ஒன்று இலையில் உட்கார்ந்திருக்கும். உடனே நாம் செய்வது என்ன? ஒன்றில் செருப்பை எடுப்போம். அல்லது வாப்பாவிடம் சொல்லிக் கடையில் ஒரு மருந்துப் போத்தல் வாங்குவிப்போம். அந்தப் பூச்சி யார், அது அங்கே எதற்கு வந்தது என்று கேட்பதில்லை.

கேட்காததால் வரும் நட்டம் சிறியதல்ல. நாம் அடித்துக் கொல்வது நம் செடியின் பகைவனாகவும் இருக்கலாம். அந்தப் பகைவனைத் தின்ன வந்த காவற்காரனாகவும் இருக்கலாம். மருந்தோ இருவரையும் ஒன்றாகக் கொல்லும். அதோடு பிள்ளைகள் கழுவாமல் பறித்து வாயில் போடும் தக்காளியிலும் அது படியும். எனவே அடிப்பதற்கு முன் ஆளை அறிந்துகொள்வது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே குடும்பம், இரண்டு பிழைப்பு

நாம் பேசப்போவது எல்லாப் பூச்சிகளையும் பற்றியல்ல. மூட்டைப்பூச்சியின் உறவினர்களைப் பற்றி மட்டுமே. கட்டில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சியை அரபியில் 'பக்' என்பார்கள். அதற்குச் செடிகளிலும் வயல்களிலும் நீரிலும் வாழும் உறவினர்கள் உலகமெங்கும் நாற்பதாயிரம் வகைக்கு மேல் இருக்கின்றன.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. வண்டுக்கு முதுகில் ஓடு போன்ற இரண்டு செட்டைகள் நடுவில் நேர்கோடாகச் சந்திக்கும். இவற்றுக்கு அப்படியல்ல. முன்செட்டையின் மேற்பாதி தோல் போலத் தடிப்பாகவும், கீழ்ப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். அந்தச் சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்கும். செட்டைகள் தொடங்கும் இடத்தில் முதுகின் நடுவே முக்கோணமான ஒரு தகடு தெரியும். அத்தோடு, இவற்றுக்குக் கடித்து மெல்லும் தாடை கிடையாது. தலையின் கீழே ஊசி போன்ற ஓர் உறிஞ்சுகுழல் இருக்கும். குத்துவது, உமிழ்நீரைச் செலுத்துவது, கரைந்ததை உறிஞ்சுவது: இவற்றின் சாப்பாடு இவ்வளவுதான். ஆகவே இலையை ஓட்டை ஓட்டையாகக் கடித்துத் தின்றிருந்தால், குற்றவாளி இந்தக் குடும்பத்தில் இல்லை. அது புழுவாகவோ வண்டாகவோ வெட்டுக்கிளியாகவோ இருக்கும்.

இந்த ஊசியைச் சிலது செடியில் குத்திச் சாறு குடிக்கின்றன. இவற்றைச் செடியுண்ணிகள் என்போம். வேறு சிலது அதே ஊசியை மற்றப் பூச்சிகளின் உடம்பில் குத்துகின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றை இரைகௌவிகள் என்பார்கள். நாம் வேட்டைப் பூச்சிகள் என்று சொல்லிக்கொள்வோம்.

வாயைப் பாருங்கள்

இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது அந்த ஊசிவாயைத்தான். தொழில் எதுவோ அதற்கேற்ற கருவி என்பது தச்சனுக்கும் தையற்காரிக்கும் மட்டும் உரியதல்ல, பூச்சிக்கும் அப்படியே.

செடியுண்ணியின் ஊசிவாய் மெல்லியது. பெரும்பாலும் அதன் உணர்கொம்பின் தடிப்பே இருக்கும். பயன்படுத்தாத வேளையில் அதை மடித்து, வயிற்றின் கீழ்ப்பக்கத்தோடு ஒட்டி, கால்களுக்கு நடுவே பின்னோக்கி நீட்டி வைத்திருக்கும். செடி ஓடப்போவதில்லை. எனவே மெல்லிய நீண்ட ஊசி அதற்குப் போதும்.

வேட்டைப் பூச்சிக்கோ இரை துள்ளும், திமிறும். அதற்குப் பலமான கருவி வேண்டும். ஆகவே அதன் ஊசிவாய் தடித்திருக்கும். உணர்கொம்பைவிட ஏறக்குறைய இருமடங்கு தடிப்பாக இருந்தால் அது வேட்டைக்காரன் என்று பெரும்பாலும் நம்பலாம். இதிலும் இரண்டு விதம் உண்டு. கொலைகாரப் பூச்சி என்று உலகெங்கும் பெயர் பெற்ற இனத்துக்கு ஊசிவாய் குட்டையாக, அரிவாள் போல வளைந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அதற்கும் தலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் இடைவெளி இருக்கும். கேடய உடம்புள்ள வேட்டைப் பூச்சிக்கு அது நீண்டு தடித்து, அடியிலிருந்தே விடுபட்டு நிற்கும். வேண்டும்போது அதைத் தலைக்கு முன்னால் நேராக நீட்டும். ஒரு புழுவைக் குத்தி, அந்த ஊசிமுனையிலேயே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் காட்சியைக் கண்டால் பிறகு மறக்க மாட்டீர்கள்.

இதைப் பார்ப்பதற்குப் பூச்சியைக் கையால் தொட வேண்டியதில்லை. ஒரு வெற்று ஜாம் போத்தலை அதன்மேல் கவிழ்த்து, கீழே ஒரு கடதாசி மட்டையைச் செருகி மூடி எடுங்கள். கண்ணாடியில் அது ஏறும்போது அதன் வயிற்றுப்பக்கம் நன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துக் கீழிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளின் பூதக்கண்ணாடி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பார்த்து முடிந்ததும், நண்பன் என்றால் அதே செடியில் விட்டுவிடுங்கள்.

துணை அடையாளங்கள்

வாய் சரியாகத் தெரியாவிட்டால் வேறு சில குறிகளும் உதவும்.

தலை: கொலைகாரப் பூச்சியின் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். கண்களுக்குப் பின்னால் கழுத்து வைத்தது போல ஒடுங்கும். செடியுண்ணிகள் பலவற்றின் தலை சிறிதாக, தோளோடு புதைந்திருக்கும்.

முன்கால்: வேட்டைப் பூச்சிகள் பலவற்றுக்கு முன்கால்கள் மற்றக் கால்களைவிடத் தடித்திருக்கும். இரையைப் பிடித்து அமுக்க வேண்டுமல்லவா?

நடத்தை: செடியுண்ணிகள் காயிலும் குருத்திலும் கூட்டமாகக் கூடியிருக்கும். வேட்டைப் பூச்சி பெரும்பாலும் தனியாகத் திரியும். அல்லது ஓரிடத்தில் அசையாமல் காத்திருக்கும்.

முட்டை: கொலைகாரப் பூச்சியின் முட்டைகள் சின்னஞ்சிறு போத்தல்களை நெருக்கி நிறுத்தியது போல, மேலே மூடியோடு ஒட்டியிருக்கும். கேடய உடம்புள்ளவை பீப்பாய் வடிவில் வரிசையாக இடும். அதிலும் மூடியைச் சுற்றிக் கண்ணிமை போல முட்கள் தெளிவாக நீண்டிருந்தால் அது வேட்டைப் பூச்சியின் முட்டை. அதை நசுக்கிவிடாதீர்கள்.

எதைக் கண்டு ஏமாறக்கூடாது?

நிறத்தைக் கண்டு ஏமாறக்கூடாது. பயங்கரமான சிவப்பும் கறுப்பும் இரு கூட்டத்திலும் உண்டு. அமைதியான பச்சையும் கபிலமும் இரு கூட்டத்திலும் உண்டு.

மணத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தொட்டால் துர்நாற்றம் வீசுவது இந்தக் குடும்பத்தில் பலவற்றின் தற்காப்பு. நண்பனும் நாறுவான், பகைவனும் நாறுவான்.

தோளில் முள் இருந்தால் வேட்டைப் பூச்சி என்று சிலர் சொல்வதுண்டு. முள்ளுள்ள செடியுண்ணிகளும் இருப்பதால் அதை மட்டும் நம்பலாகாது.

செடியில் வாயை வைத்திருந்தது என்பதும் முடிவான சாட்சியல்ல. கேடய உடம்புள்ள வேட்டைப் பூச்சியின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்கள் வேட்டையாடுவதில்லை. தாகத்துக்குச் செடியின் சாற்றைச் சிறிது குடிக்கும். அதனால் செடிக்குக் கேடில்லை. மறுபுறம், தக்காளியில் வாழும் ஒரு மெல்லிய பச்சைப் பூச்சி வெள்ளை ஈயையும் தின்னும். இரை குறைந்தால் தக்காளித் தண்டையும் குத்தும். இப்படி இரண்டுங்கெட்டான்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு.

எறும்பு என்று நினைத்து விட்டுவிடுவதும் ஓர் ஏமாற்றமே. பயற்றங்காயில் எறும்பு போல ஓடித் திரியும் சில 'எறும்புகளை' உற்றுப் பாருங்கள். வாயின் கீழ் நீண்ட ஊசி மடிந்திருந்தால் அது எறும்பல்ல. காயைக் குத்தும் பூச்சியின் குஞ்சு, எறும்பு வேடத்தில் வந்திருக்கிறது.

நம் முற்றத்துப் பகைவர்கள்

பச்சை நாற்றப் பூச்சி: கேடய வடிவம், அரை அங்குலத்துக்குச் சற்று மேலான நீளம், இலைப் பச்சை நிறம். தக்காளி, பயற்றை, அவரை எல்லாவற்றிலும் காணலாம். இது குத்திய தக்காளியின் தோலில் வெளிறிய புள்ளிகள் விழும். வெட்டினால் அந்த இடம் தக்கை போலிருக்கும். பயற்றை விதைகள் சூம்பிப் போகும். இலையின் அடியில் மங்கலான வெள்ளை முட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிவைக்கும். வளரும் குஞ்சுகள் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால், இவை வேறு ஏதோ பூச்சி என்று பலர் நினைத்துவிடுகின்றனர்.

சிவப்புப் பூச்சி: வெண்டி, செவ்வரத்தை, பூவரசு, இலவமரத்தின் கீழ் என்று கூட்டம் கூட்டமாகத் திரியும். சிவப்பு உடம்பு, இரண்டு செட்டையிலும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. ஆணும் பெண்ணும் பின்புறம் ஒட்டியபடி இரு பக்கமும் இழுத்துக்கொண்டு நடப்பதைப் பிள்ளைகள்கூடக் கண்டிருப்பார்கள். வயிற்றுப்பக்கம் சிவப்பில் வெள்ளைக் கோடுகள் ஓடும். விதைதான் இதன் உணவு. பருத்தி விளையும் நாடுகளில் பஞ்சைக் கறைப்படுத்திப் பெரும் நட்டத்தை உண்டாக்குவதும் இந்த இனமே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சிவப்புப் பூச்சியையே பிடித்துத் தின்னும் இன்னொரு சிவப்புப் பூச்சி தென்னாசியாவில் இருக்கிறது. இரண்டும் ஒரே கிளையினர். தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். ஆபிரிக்கப் பருத்தித் தோட்டங்களிலும் ஒரு கொலைகாரப் பூச்சி, தான் தின்னும் சிவப்புப் பூச்சியின் அதே நிறத்தோடு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வாழ்கிறது. நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் எவ்வளவு எளிதாகத் தவறுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேயிலைக் கொசு: கொசு போல மெலிந்த உடம்பு, மிக நீண்ட உணர்கொம்பு. முதுகில் குண்டூசி குத்தி வைத்தது போல ஒரு முளை நிற்கும். தேயிலையிலும் கஜு மரத்திலும் இளங்குருத்தைக் குத்தும். குத்திய இடம் கறுத்துக் காயும்.

நெல் மூட்டுப்பூச்சி: வயலுள்ள வீட்டார் நன்கு அறிந்தது. ஒல்லியான பச்சை கலந்த கபில உடம்பு, நீண்ட கால்கள், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். கதிரில் பால் பிடிக்கும் வேளையில் வந்து அந்தப் பாலை உறிஞ்சும். பிறகு நெல் பதராகும், அல்லது அரிசியில் கறை விழும். காலையிலும் மாலையிலும் வெளியே வந்து, வெயில் ஏறினால் பயிருக்குள் மறைந்துகொள்ளும்.

வயலிலே காவற்காரர்

நண்பர்களின் அருமையை உலகம் படித்த பெரிய பாடம் நெல்வயலில்தான் கிடைத்தது. கபிலநிறத் தத்தி என்ற சிறு பூச்சி நெற்பயிரின் அடியில் கூடிச் சாற்றை உறிஞ்சும். மிஞ்சினால் வயல் தீயில் வாட்டியது போலக் கருகிப்போகும். 1970 களிலும் 1980 களிலும் இந்தோனேசியாவில் இது பேரழிவாகப் பெருகியது. விவசாயிகள் மேலும் மேலும் மருந்தடித்தார்கள். தத்தியும் மேலும் மேலும் பெருகியது.

காரணம் என்ன? தத்தி தன் முட்டையை நெற்தாளின் உள்ளே புதைத்து வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் வெளியே திரிந்த சிலந்திகளும் வேட்டைப் பூச்சிகளும் மருந்தில் செத்துப் போயின. முட்டை பொரித்து வந்த தத்திக் குஞ்சுகளுக்குப் பயப்பட யாருமில்லை. இதை உணர்ந்த இந்தோனேசிய அரசாங்கம் 1986 ஆம் ஆண்டு நெற்பயிருக்கான 57 பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது. பிறகு விவசாயிகளை வயலுக்கே அழைத்துச் சென்று, எது நண்பன், எது பகைவன் என்று கண்ணால் பார்த்து அறியும் களப் பாடசாலைகளை நடத்தினார்கள். 1990 களின் நடுப்பகுதியில் அத்தகைய வகுப்புகள் நம் நாட்டுக்கும் வந்தன.

அந்தக் காவற்காரர்களில் ஒன்று மூட்டைப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு நெல்மணியின் பாதி நீளமும் வராத, பச்சையும் கறுப்பும் கலந்த மெல்லிய பூச்சி அது. தன் ஊசிவாயால் நெற்தாளுக்குள் இருக்கும் தத்தி முட்டையையே தேடிக் குத்தும். ஒரு நாளில் 7 முதல் 10 முட்டைகளை உறிஞ்சிவிடும். மருந்து எட்டாத இடத்துக்கு இந்தச் சிறு ஊசி எட்டுகிறது! வயல் நீரின்மேல் ஓடித் திரியும் இன்னொரு சிறு உறவினன், தவறி விழும் தத்திக் குஞ்சுகளைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்கும்.

தோட்டத்துக் காவற்காரனும் சளைத்தவனல்ல. கேடய உடம்புள்ள வேட்டைப் பூச்சி தன்னைவிடப் பெரிய புழுக்களையும் குத்திச் செயலிழக்க வைத்து உறிஞ்சும். வட அமெரிக்காவில் அந்தக் கிளையின் ஒரு வகையை வளர்த்து விவசாயிகளுக்கு விற்கிறார்கள். அங்கே காசு கொடுத்து வாங்குவதை இங்கே நாம் செருப்பால் அடிக்கிறோம்.

கையால் பிடிக்காதீர்கள்

நண்பன் என்று சொன்னேனே தவிர, தொட்டு விளையாடலாம் என்று சொல்லவில்லை. கொலைகாரப் பூச்சியைக் கையில் பிடித்தாலோ, தற்செயலாக அமுக்கினாலோ, நன்றாகக் குத்திவிடும். குளவி கொட்டியது போல வலிக்கும். இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சுக் கஷ்டப்பட்டாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். போத்தலால் பிடிப்பதையே பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

இந்தக் கிளையில் மனித இரத்தம் குடிக்கும் சில வகைகளும் உண்டு. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் அவை ஒரு கொடிய நோயைப் பரப்புகின்றன. அதை 1909 ஆம் ஆண்டு கண்டறிந்த பிரேசில் நாட்டு வைத்தியர் கார்லோஸ் சாகஸின் பெயராலேயே அந்நோய் அழைக்கப்படுகிறது. அது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய நோய். எனவே நம் தோட்டத்து வேட்டைப் பூச்சியைக் கண்டு அந்தப் பயம் கொள்ள வேண்டியதில்லை.

பகைவன் என்று தெரிந்தால்?

செடியுண்ணி என்று உறுதியானாலும் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டுத் தோட்டத்துக்குக் கையே போதும்.

1. அதிகாலையில் இவை மந்தமாக இருக்கும். அகன்ற பாத்திரத்தில் சவர்க்காரம் கரைத்த நீரை எடுத்து, காயின் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். விழுந்தவை மேலெழும்பா.

2. வாரம் இருமுறை இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். செடியுண்ணியின் முட்டைக் கூட்டம் இருந்தால் அந்த இலைத்துண்டைக் கிள்ளி அதே நீரில் போடுங்கள். ஒரு கிள்ளலில் பல டசின் பூச்சிகள் தீர்ந்துவிடும்.

3. முற்றிக் காய்ந்த வெண்டியையும் பயற்றையையும் செடியிலேயே விட்டுவைக்காதீர்கள். விதைக்குத் தேவையானதை மட்டும் விட்டு, மற்றதைப் பறித்துவிடுங்கள். நிலத்தில் விழுந்த விதைகளையும் கூட்டி அள்ளுங்கள்.

4. வயலோர வரம்பிலும் வேலியோரத்திலும் பூக்கும் புற்களைக் கதிர் வருமுன்னரே வெட்டுங்கள். நெல் மூட்டுப்பூச்சி முதலில் தங்குவது அங்கேதான்.

5. இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், பூச்சியைப் போத்தலில் போட்டுக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். எந்த மருந்து, எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்தபின்பே மருந்தைக் கையில் எடுங்கள். கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு ராத்தா அடித்தார் என்பது போதாது.

நண்பன் என்று தெரிந்தால் வேலை இன்னும் எளிது. அவனை அவன் பாட்டுக்கு விட்டுவிடுவதே நாம் செய்யும் உதவி. தோட்டத்து மூலையில் கொஞ்சம் பூச்செடி, மிதிபடாத ஒரு நிழல் இடம் இருந்தால் அவன் தங்குவான். சில புழுக்கள் இலையில் மிஞ்சியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். அவை அவனுடைய சாப்பாடு. சாப்பாடு இல்லாத வீட்டில் காவற்காரன் எப்படி நிற்பான்?

அடுத்தமுறை பிள்ளை ஓடி வந்து, "உம்மா, பூச்சி!" என்று சொன்னால், செருப்பைத் தேடாமல் போத்தலைத் தேடுங்கள். "இதன் வாய் எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லு மகள்" என்று கேளுங்கள். ஊசி மெல்லியதா, தடித்ததா? வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா, வளைந்து நிற்கிறதா? பிள்ளையின் கூர்மையான கண் அதை நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிக்கும். தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கமும் அதோடு சேர்ந்து வளரும். அந்தப் பழக்கம் தோட்டத்துக்கு வெளியேயும் பிள்ளைக்குப் பயன்படும்.